அடுப்படியை உடைக்கிறோம், வீட்டில்தான் இருக்கிறோம்: வாசகர் கேள்வி – பதில்

சமையலறையைப் புதுப்பிக்கும்போது அதே வீட்டில் குடியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கட்டட மேற்பார்வை, பிளம்பிங், ஒயரிங், மரவேலை தெரிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: முழுச் சமையலறையையும் உடைத்து மாற்றுகிறோம். மேஸ்திரி 15 நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அதை நம்பி வீட்டு விசேஷத்துக்கு நாள் குறிக்கலாமா?

குறிக்காதீர்கள். ஆட்கள் கைவேலை செய்யும் நாட்களை மட்டும் கூட்டினால் 15 வரும். காயவும் ஆறவும் வேண்டிய நாட்களை அவர் சொல்லவில்லை. உடைக்க 2 நாள், பைப்பும் ஒயரும் ஓட்ட 4 நாள். அதன்பின் சுவர்ப்பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், அது காய்ந்ததும் 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். தரை டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. பிறகு மேடை, சுவர் டைல்ஸ், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட், கப்போர்டு, சிங்க் இணைப்பு, பெயின்ட். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 5 முதல் 7 வாரம் ஆகும். கப்போர்டை மட்டும் கழற்றி மாட்டுகிற வேலையென்றால் ஒரு வாரம், பத்து நாளில் முடியும்.

இதற்கும் மேலே வேலை இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்கள் இல்லை, வந்து சேராத பொருட்கள். சிங்க், குழாய், அடுப்பு, சிம்னி, டைல்ஸ் ஐந்தும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் முதல் சுத்தியல் விழ வேண்டும். "மாடல் முடிவாகிவிட்டது, அடுத்த வாரம் வந்துவிடும்" என்பது போதாது. மேடைக் கல்லில் அடுப்புக்கும் சிங்குக்கும் ஓட்டை வெட்டுபவருக்குக் கையில் பொருளோ அதனுடன் வரும் காகித அச்சோ வேண்டும். அரை அங்குலம் பெரிதாக வெட்டிய ஓட்டையைச் சிறிதாக்க வழியில்லை.

சிங்க் முன்கூட்டியே வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், கழிவுநீர் வெளியேறும் உயரம். மேடையின் மேல்மட்டம் 86 செ.மீ., சிங்கின் ஆழம் 22 செ.மீ. என்றால் தொட்டியின் அடி தரையிலிருந்து 64 செ.மீ.இல் வருகிறது. அதற்குக் கீழே சல்லடைக் கிண்ணம், தண்ணீர் தேங்கி நின்று வாடையைத் தடுக்கும் டிராப் என இன்னும் 15 முதல் 20 செ.மீ. போகும். ஆக, சுவருக்குள் போகும் கழிவுக்குழாயின் வாய் 42 செ.மீ.க்குக் கீழே இருந்தால்தான் தண்ணீர் வாட்டமாக இறங்கும். பழைய சிங்க் 15 செ.மீ. ஆழம்தான் இருந்திருக்கும், அதன் ஓட்டை 55 செ.மீ.இல் இருந்தும் ஒத்துப்போயிருக்கும். புதிய ஆழமான சிங்கை வைத்த அன்றுதான் இது தெரியவரும். அப்போது டைல்ஸ் ஒட்டி முடித்திருப்பார்கள்.

கேள்வி: அத்தனை வாரமும் சமைக்காமல் இருக்க முடியாது. தற்காலிக அடுப்படியை எங்கே, எப்படி வைப்பது?

தண்ணீருக்குப் பக்கத்தில், தூசிக்கு எட்டாத அறையில். இரண்டும் ஒத்துவராவிட்டால் தூசி இல்லாத இடத்தையே தேர்ந்தெடுங்கள், தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்துகொள்ளலாம். நான்கடி நீளமுள்ள உறுதியான மேசை ஒன்று, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு, மூடியுள்ள குப்பைக்கூடை, பாத்திரம் கழுவ இரண்டு தொட்டிகள் இருந்தால் போதும். தினமும் புழங்கும் பாத்திரங்களை மட்டும் வெளியே வைத்து, மற்றதையெல்லாம் கட்டி, பெட்டியின் மேலே என்ன இருக்கிறதென்று எழுதிவிடுங்கள். எழுதாத பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துத் தேடுவதிலேயே பாதி எரிச்சல் வரும்.

கவனம் வேண்டிய இடம் மின்சாரம். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 1500 வாட். 230 வோல்ட்டில் முதலாவது 8.7 ஆம்பியரும் இரண்டாவது 6.5 ஆம்பியரும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியருக்கு மேல். கூடத்தில் டி.வி.க்காகப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி இரண்டையும் ஓட்டினால் முதலில் சூடாவது உள்ளே மறைந்திருக்கும் மெல்லிய ஒயர். பளு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழுந்தால் அதிர்ஷ்டம்; விழாவிட்டால் பிளக் உருகும். ஏ.சி.க்கோ வாஷிங்மெஷினுக்கோ போட்ட 16 ஆம்பியர் பாயின்ட் உள்ள அறையே தற்காலிகச் சமையலுக்கு ஏற்றது. அதிலும் ஒரு நேரத்தில் ஒரு சூடேற்றும் சாதனம்தான். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தாதீர்கள். சுருளுக்குள் சூடு தேங்கி உறை இளகும்.

கேஸ் அடுப்பு வைப்பதானால் ஜன்னல் திறந்திருக்கும் அறை, நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர், அடுப்பு மேசை மேல், சிலிண்டர் தரையில். ரெகுலேட்டர் மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படரும். பக்கத்து அறையில் கிரைண்டர் போட்டு இரும்பு அறுக்கும் நாளில் சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். பழைய அடுப்படியின் கேஸ் குழாய்ப் பாதையை கேஸ் மெக்கானிக் வந்துதான் கழற்ற வேண்டும், கொத்தனார் அல்ல.

ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து நகர்த்தியிருந்தால் நிமிர்த்தி நான்கு மணி நேரமாவது ஆறவிட்டு ஆன் செய்யுங்கள். நிமிர்த்தியபடியே தள்ளியிருந்தால் உடனே போடலாம்.

குளியலறை வாஷ்பேசினில் பாத்திரம் கழுவுவதைத் தவிருங்கள். அதன் கழிவுக்குழாய் ஒன்றேகால் அங்குலம்தான். எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் இரண்டே வாரத்தில் அடைத்துவிடும். முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர். எச்சிலை முதலில் காகிதத்தில் துடைத்துப் போட்டுவிட்டு, கழுவிய தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டி குளியலறைத் தரை டிராப்பில் ஊற்றுங்கள்.

கேள்வி: கதவைச் சாத்தி வைத்தும் படுக்கையறை வரைக்கும் தூசி வருகிறது. வீட்டில் வயதானவர் ஒருவர் மூச்சிரைப்புடன் இருக்கிறார். என்ன செய்வது?

சாத்திய கதவு தூசியை நிறுத்தாது. கதவுக்கடியில் அரை அங்குல இடைவெளி இருக்கும். போய்வரும் ஆட்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். சமையலறை வாசலில் தடித்த பாலிதீன் ஷீட்டை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். முதல் ஷீட்டை நிலையின் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கீறல் போடுங்கள். அதற்குப் பின்னால், மேல்பக்கம் மட்டும் ஒட்டிய இரண்டாவது ஷீட் தொங்கட்டும். ஆள் நுழைந்ததும் அது தானாக விழுந்து கீறலை மூடிக்கொள்ளும்.

அடுத்தது காற்றின் போக்கு. சமையலறை ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வெளியே தள்ளும்படி வைத்து, மிச்ச இடைவெளியை அட்டையால் அடையுங்கள். உள்ளே காற்றழுத்தம் சற்றுக் குறையும். அதனால் வீட்டுக்காற்று சமையலறைக்குள் போகுமே தவிர அங்கிருந்து வெளியே வராது. பாலிதீன் ஷீட் உள்பக்கமாக லேசாக உப்பி நின்றால் ஏற்பாடு வேலை செய்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால் இந்த ஃபேன் ஓடும்போது அதைப் போடாதீர்கள். வெளியே போக வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பக்கூடும்.

உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத்தூளில் இல்லை. டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா நுண்தூசி கண்ணில் படாது. பல மணி நேரம் காற்றிலேயே மிதக்கும். நுரையீரலின் அடிவரை போகும். குவார்ட்ஸ் என்று விற்கப்படும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். அதை அறுத்த தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோய் காரணமாகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைத் தடை செய்தது. ஆகவே மேடைக் கல்லைப் பட்டறையிலேயே வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாத வெட்டுகளை மொட்டைமாடியிலோ வெளி முற்றத்திலோ, பிளேடில் தண்ணீர் விட்டபடி செய்யட்டும். ஆட்களுக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கைக்குட்டை கட்டிக்கொள்வது இந்தத் தூசிக்குப் பயன்படாது. சுவரில் பைப்புக்குக் காடி எடுக்கும் இரண்டு நாளும்தான் தூசி உச்சம். மூச்சிரைப்பு உள்ளவரை அந்த இரண்டு நாளாவது வேறு வீட்டில் தங்கவைப்பது நல்லது. முழு மாதமும் அனுப்ப வேண்டியதில்லை.

பெருக்கும்போது விளக்குமாற்றால் காய்ந்த தூசியைக் கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் இழுங்கள். சாதாரண வேக்யூம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பி ஊதும். ஹெப்பா ஃபில்டர் உள்ளதுதான் ஆகும். ஏ.சி. ஓடும் அறையானால் அதன் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

மிகப் பழைய வீடென்றால் இன்னொன்று. பழைய பெயின்டில் ஈயமும் பழைய கூரைத்தகடு, புகைக்குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அவற்றை உலர்வாகத் தேய்க்கவோ உடைக்கவோ விடாதீர்கள்.

கேள்வி: இரண்டாவது மாடியில் இருக்கிறோம். உடைத்த குப்பை எவ்வளவு வரும்? ஒரே தடவையில் அள்ளிக்கொள்ளலாமா?

கணக்கு எளிது. 10 சதுர மீட்டர் தரையில் டைல்ஸும் அதன் கீழே 5 செ.மீ. கலவையும் பெயர்த்தால் சுமார் 0.6 கன மீட்டர், எடை ஒரு டன்னுக்கு மேல். உடைந்த பிறகு இடைவெளி விழுந்து அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சிமென்ட் சாக்கில் பாதிவரை நிரப்பினால் 25 கிலோ அருகில் வரும். ஆள் தூக்கக்கூடிய எடை அது. அப்படிப் பார்த்தால் தரைக்கு மட்டும் 45 மூட்டை. மேடை, சுவர் டைல்ஸ் தனி.

ஒரே தடவையில் அள்ளலாம் என்று ஒரு மூலையில் அடுக்கிவைக்காதீர்கள். வீடுகளின் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்கப் பளு என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. 45 மூட்டையை இரண்டு சதுர மீட்டரில் அடுக்கினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அன்றன்று கீழே இறக்கிவிடுவதுதான் சரி. லிஃப்டில் கொண்டுபோவதானால் அனுமதி, நேரம், உள்சுவருக்கு அட்டை மறைப்பு ஆகியவற்றைக் குடியிருப்போர் சங்கத்திடம் முன்பே பேசிவிடுங்கள். உடைக்கும் முதல் நாளே வாக்குவாதம் வருவது இதில்தான்.

கேள்வி: வேலை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. புது சிங்கில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. பிளம்பர் குச்சி விட்டும் சரியாகவில்லை. காரணம் என்ன?

கழிவுக்குழாய்க்குள் சிமென்ட் பால் இறங்கி இறுகியிருக்க அதிக வாய்ப்பு. கிரவுட் போட்ட வாளியையும் கரண்டியையும் பக்கத்தில் தெரிந்த குழாய் வாயிலேயே கழுவி ஊற்றியிருப்பார்கள். அன்றைக்கு ஓடிவிடும், வளைவுகளில் படிந்தது மறுநாள் கல்லாகிவிடும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்ட ஒட்டப் பாதை குறுகிக்கொண்டே போகும். சிறு கேமரா விட்டுப் பார்த்தால் இடம் தெரியும். இறுகிய சிமென்ட்டுக்கு ஆசிட் ஊற்றுவது வேண்டாத வேலை: மொத்தமாகக் கரையாது, புகை கிளம்பும், உலோகப் பாகங்களை அரிக்கும். அந்தத் துண்டை அறுத்து எடுத்துப் புதிதாகப் போடுவதே தீர்வு.

வேலை இன்னும் தொடங்காதவர்கள் கவனிக்க: பைப் ஓட்டிய அன்றே எல்லாக் கழிவு வாய்களுக்கும் டம்மி மூடி போடச் சொல்லுங்கள். துணி திணிப்பது போதாது; அது உள்ளே போய்விட்டால் இன்னொரு வேலை. மூடி போட்டால் கரப்பான், எலி, சாக்கடை வாடையும் நிற்கும். கருவி கழுவ ஒரு டிரம் தனியாக வைத்து, அடியில் படிந்ததைக் குப்பை மூட்டையில் போடட்டும்.

சிமென்ட் இல்லையென்றால் வாட்டத்தைப் பாருங்கள். மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு வேண்டும். குழாய் 2 அங்குலம் இருப்பது நல்லது. ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: சுவருக்குள் போகும் தண்ணீர்ப் பைப் கசியவில்லை என்று மூடுவதற்கு முன் எப்படி உறுதிசெய்வது?

"மோட்டார் போட்டுப் பார்த்தோம், கசியவில்லை" என்பதை ஏற்காதீர்கள். பிரஷர் டெஸ்ட் என்று தனியாக இருக்கிறது. குழாய் வரும் இடங்களிலெல்லாம் பிளக் போட்டு மூடி, கைப்பம்பும் அழுத்தமானியும் மாட்டி, புழக்க அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். மேல்தொட்டியின் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 பார். பிரஷர் பம்ப் இருந்தால் அதன் பலகையில் போட்டிருக்கும். 3 பார் என்றால் 4.5 பார் வரை ஏற்றுங்கள். சி.பி.வி.சி. பைப்பில் பசை போட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகே இதைச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் நல்ல ஜாயின்ட்டும் பிடுங்கிக்கொள்ளும். ஏற்றும் முன் பைப்பில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். பிளாஸ்டிக் பைப் சற்று விரிவதால் முதல் சில நிமிடத்தில் முள் இறங்கும், அது கசிவல்ல. மறுபடி ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் பாருங்கள். அதன்பின்னும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

சோதனை தேறியதும் சுவரை மூடும் முன் ஒவ்வொரு பக்கமும் அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுத்துவையுங்கள். நாளை கப்போர்டு மாட்ட டிரில் போடும் கார்பெண்டருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி. சமையலறைக்கென்று தனி வால்வு வைத்திருக்கிறார்களா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை பிளக் பாயின்ட் போடுவது? எந்த உயரத்தில்?

எண்ணிக்கையைவிட லைன் முக்கியம். ஃப்ரிட்ஜ், ஓவன், டிஷ்வாஷர் ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனித்தனி லைன். 3 கிலோவாட்டைத் தாண்டும் ஓவன் என்றால் 4 சதுர மி.மீ. எடுப்பது பாதுகாப்பு. மேடை மேலே மிக்ஸி, கெட்டில் போன்றவற்றுக்கு மேல்மட்டத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், சிங்கின் விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி. டிஷ்வாஷரின் பிளக்கை அதன் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள்: மெஷின் உள்ளே போகாது, பழுது வந்தால் கையும் எட்டாது, பக்கத்துக் கப்போர்டுக்குள் வையுங்கள். முழுச் சமையலறைக்கும், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இது ஏற்கனவே வீட்டில் இருந்தால், உடைக்கத் தொடங்கும் முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஈரச் சுவரில் டிரில் ஓடும் மாதம் இது.

கேள்வி: சுவர் டைல்ஸ் முதலிலா, மேடை முதலிலா?

மேடை முதலில். டைல்ஸ் மேடைக் கல்லின்மேல் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் கல்லின்மேல் விழும், பின்னால் இறங்காது. இரண்டுக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. விட்டு அதைக் கிரவுட்டால் அடைக்காமல் சிலிகானால் அடையுங்கள். கல் சூட்டிலும் பளுவிலும் சற்று அசையும். கிரவுட் அசையாது, விரிசல் விடும். சிலிகானிலும் ரகம் உண்டு: வினிகர் வாடை அடிப்பது கிரானைட், மார்பிளில் கறை ஏற்றும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சிங்குக்குக் கீழே உள்ள கப்போர்டு மட்டும் இரண்டே வருடத்தில் உப்பிப்போனது. இந்த முறை என்ன பலகை போடலாம்?

பலகையும் காரணம், வேலையும் காரணம். எம்.ஆர். ரகப் பிளைவுட் ஈரப்பதம் தாங்கும், தண்ணீர் தாங்காது. சிங்குக்கடியில் பி.டபிள்யூ.பி. எனப்படும் கொதிநீர் தாங்கும் பிளைவுட் வேண்டும். மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்.பும் பார்ட்டிகிள் போர்டும் அந்த இடத்துக்குச் சரிவராது. ஒருமுறை நீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. சந்தேகம் இருந்தால் வெட்டி எறியும் துண்டு ஒன்றை வாங்கிச் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அது சொன்ன ரகமல்ல.

ஆனால் எந்தப் பலகையும் முகப்பிலிருந்து உப்புவதில்லை, வெட்டு விளிம்பிலிருந்துதான் உப்பும். பைப் நுழைய ஓட்டை போட்ட வட்டம், பின்பக்க விளிம்பு, அடிவிளிம்பு, இந்த மூன்றையும் பெரும்பாலும் பச்சையாகவே விட்டுவிடுகிறார்கள். நான்கு விளிம்புக்கும் எட்ஜ் பேண்ட் என்ற மூடுபட்டை ஒட்டச் சொல்லுங்கள். ஓட்டையின் உள்வட்டத்தைச் சிலிகானால் பூசச் சொல்லுங்கள். கப்போர்டு தரையைத் தொடாமல் 10 செ.மீ. கால்களில் நிற்கட்டும்; முன்னால் உள்ள ஸ்கர்ட்டிங் கிளிப்பில் கழலும்படி இருக்கட்டும். சிங்குக்குப் பின்னால் முதுகுப்பலகை வேண்டாம், வால்வுக்குக் கை எட்ட வேண்டும்.

கப்போர்டுக்கு அளவெடுப்பது தரை டைல்ஸும் பூச்சும் முடிந்த பிறகுதான். அதற்குமுன் எடுத்த அளவில் இரண்டு பக்கச் சுவரிலும் பூச்சு, டைல்ஸ் கனம் சேர்ந்து ஏழெட்டு செ.மீ. வரை பறிபோகலாம். மூலை சரியான சதுரமா என்று பார்க்க, ஒரு சுவரில் 90 செ.மீ., மறு சுவரில் 120 செ.மீ. குறித்து, குறுக்கே அளந்தால் 150 வர வேண்டும். வராவிட்டால் மூலையில் 3 முதல் 5 செ.மீ. நிரப்புப் பட்டை தேவைப்படும். அது இல்லாத மூலையில் டிராயர் இழுக்கும்போது எதிர்ப்பக்கக் கைப்பிடியில் இடிக்கும்.

கேள்வி: டைல்ஸ் பற்றாமல் மறுபடி வாங்கினோம், நிறம் ஒட்டவில்லை. ஏன்?

சுடுகிற ஒவ்வொரு தொகுப்புக்கும் நிறம் நூலிழை மாறும். பெட்டியின்மேல் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் இருக்கும். இரண்டும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். நேராக ஒட்டினால் 10 சதவீதம், மூலைவாட்டாக ஒட்டினால் 15 சதவீதம் கூடுதல். 3.6 மீட்டர் நீளம், 60 செ.மீ. உயரம் உள்ள சுவருக்கு 30க்கு 60 டைல்ஸ் 12 ஆகும். 14 வாங்கி, பின்னாளில் உடைந்தால் மாற்ற இன்னும் இரண்டு சேர்த்து எடுத்துவையுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸை வெறும் சிமென்ட்டில் ஒட்டவிடாதீர்கள். அது தண்ணீர் உறிஞ்சாது, சிமென்ட் பிடிக்காது. அதற்கான அட்ஹெஸிவ் தனி.

கேள்வி: பாதியில் நாங்கள் சில மாற்றங்கள் கேட்டோம். இப்போது கணக்கில் சண்டை. இனி என்ன செய்யலாம்?

நடந்ததற்கு இரு தரப்பும் உட்கார்ந்து, உண்மையில் செய்த வேலையை அளந்து எழுதுவதைத் தவிர வழியில்லை. இனி வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் கூடுதல். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் போதும். வாய்ப்பேச்சில் மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, பிறகு தாமதத்துக்கு யார் காரணம் என்பதே சண்டையாகிறது.

பணத்தை நாள் கணக்கில் தராமல் கட்டம் கட்டமாகத் தாருங்கள். பைப் சோதனை தேறினால் ஒரு பகுதி, டைல்ஸ் முடிந்தால் ஒரு பகுதி என்று. கடைசி 10 சதவீதத்தை, இரண்டு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு தருவதாகத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் போய் இந்த நிபந்தனை போட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: லேமினேட் ஒட்டும் பசையின் வாடை தலைவலியைத் தருகிறது. கைக்குழந்தை இருக்கிறது.

ஒட்டும் வேலையைப் பட்டறையில் செய்து கொண்டுவருவதே நல்லது. வீட்டில்தான் என்றால் குழந்தையை அந்த நாட்களில் அங்கே வைக்க வேண்டாம். வாடையைவிடப் பெரிய விஷயம், அந்த ரப்பர் பசையின் ஆவி தீப்பிடிக்கும். தற்காலிக அடுப்பு பக்கத்து அறையில் எரிந்துகொண்டிருக்கும்போது டப்பாவைத் திறக்கக் கூடாது.

கேள்வி: நாளை வேலையை ஒப்படைக்கிறார்கள். எதையெல்லாம் சோதித்து வாங்குவது?

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஆட்கள் இருக்கும்போதே செய்யுங்கள். சிங்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். குழாயைத் திறந்து பார்க்கும்போது தெரியாத கசிவு, மொத்தத் தண்ணீரும் பாரமாக இறங்கும்போதுதான் தெரியும். கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ காகிதத்தால் தொடுங்கள். ஈரம் கண்ணுக்கு முன் காகிதத்தில் தெரியும். இதை மறுநாள் காலையிலும் ஒருமுறை செய்யுங்கள்.

மரக்கட்டையால் டைல்ஸை மூலைமூலையாகத் தட்டுங்கள். டொக்கென்று வெற்றொலி வந்தால் அடியில் கலவை இல்லை. ஓரத்தில் சின்னதாக இருந்தால் விடலாம். அடுப்புக்குப் பின்னாலோ நடைபாதையிலோ என்றால் மாற்றித்தரச் சொல்லுங்கள். டிராயர்களில் பாத்திரத்தை நிரப்பிய பிறகு இழுத்து மூடிப் பாருங்கள், காலி டிராயர் எல்லாமே வழுக்கிக்கொண்டு போகும். மேடைக் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால், கல் நீர் உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் அடிக்கவில்லை.

சிம்னியை முழு வேகத்தில் ஓட்டி ஒரு தாளை ஃபில்டரில் ஒட்டிப் பாருங்கள். தாள் நின்றும் வெளிக்குழாய் வாயில் காற்று வராவிட்டால், நடுவில் குழாய் கழன்றிருக்கிறது அல்லது 6 அங்குலத்தை 4 அங்குலமாகக் குறைத்து எங்கோ நெரித்திருக்கிறார்கள். மேலே மரப்பெட்டி அடித்து மூடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். மூடிவிட்டிருந்தால் நான்கு ஸ்க்ரூதான், கழற்றச் சொல்லுங்கள்.